காய்ந்தபின் ஊற்றவும்

"வார்த்தையைக் குறைச்சா உரிமை பெருசாகும்மா" என்று காப்புரிமை வக்கீல் சொன்ன அன்றைக்கு, ஒட்டக்கா அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். இன்றைக்கு அவர் எதிரே வந்தால் அவள் என்ன செய்வாள் என்று சொல்ல முடியாது.

ஒட்டக்கா என்பது தெரு வைத்த பேர். பின்பக்கம் பசை தடவிய காகிதம் எதுவானாலும் அவள் பட்டறையில் கிடைக்கும். மருந்துப் புட்டிச் சீட்டு, பார்சல் சீட்டு, பெரிய அலுவலகங்களில் வெளியாள் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் சீட்டு என்று இருபது வருஷமாகப் பசையோடுதான் குடித்தனம். பசையைப் பற்றி அவளிடம் வாயைக் கொடுத்தவர்கள் லேசில் வீடு திரும்பியதில்லை. தம்பி மட்டும் அவளை "ஒட்டகம்" என்பான். நாற்பத்து நாலு வயசாகியும் அந்த வால்தனம் போகவில்லை.

தம்பி வார்ப்புக்காரன். அடுத்த தெருவில் மூன்று ஆட்களோடு சின்ன ஃபவுண்டரி நடத்துகிறான். மணலில் அச்சு செய்து, இரும்பை உருக்கி ஊற்றி, பம்பு உடம்பு, மூடி, சக்கரம் என்று எடுப்பான். ஒவ்வொரு உருப்படியிலும் எண்ணும் எடையும் எழுத்தாக விழ வேண்டும். அதற்குப் பித்தளை எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று தலைகீழாகப் போய், வாங்குகிறவனிடம் வசவு வாங்குவான். ஒருநாள் அக்காவின் பட்டறையில் உட்கார்ந்து சீட்டு ஒன்றைச் சுவரில் ஒட்டிப் பிரித்து ஒட்டிப் பிரித்து விளையாடிக்கொண்டிருந்தவன், சட்டென்று, "அக்கா, இதை மணல் மேல ஒட்ட முடியுமா?" என்றான்.

ஒன்றரை வருஷம் இரண்டு பேரும் அதிலேயே கிடந்தார்கள். தடித்த காகிதத்தில் எழுத்தை வெட்டி, முன்பக்கம் தீயைக் கொஞ்ச நேரம் தாங்கும் பூச்சு கொடுத்து, பின்பக்கம் மணலைப் பிடித்துக்கொள்ளும் பசை தடவினார்கள். அச்சுக்குள் ஒட்டிவிட்டு இரும்பை ஊற்றினால், காகிதம் கருகிப் போவதற்குள் எழுத்து இரும்பில் பதிந்துவிடும். முதல் எண் தெளிவாக விழுந்த அன்று தம்பி அந்தச் சூடான இரும்பைக் கிடுக்கியில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடி வந்தான். ஒட்டக்காவின் கணவர், "யாரையாவது சுட்டுத் தொலைக்கப் போறான் உன் தம்பி" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

காப்புரிமை விண்ணப்பத்தை எழுதியது ஒட்டக்காதான். தம்பி கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அவன் சொல்லச் சொல்ல, "ஒட்டிய அச்சை அடுப்பில் இரண்டு மணி நேரம் சூடாக்கியபின் ஊற்றவும்" என்று எழுதினாள். வக்கீல்தான் பேனாவை வைத்துக் கோடு போட்டார். "அடுப்புன்னு எழுதினா, நாளைக்கு ஒருத்தன் வெயில்ல வச்சுச் செஞ்சிட்டு, இது வேற முறைம்பான். பொதுவா ஒரு வார்த்தை போடுங்க."

பொதுவாக ஒரு வார்த்தை போட்டார்கள். 'காய்ந்தபின்.'

தம்பியிடம் கேட்டபோது அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "காயணும், அவ்வளவுதானேக்கா. எங்க ஆளுங்களுக்கு அது தெரியும்." அவன் ஃபவுண்டரியில் 'காய வை' என்றால் அடுப்பில் வை என்று அர்த்தம். கை வைக்க முடியாத சூடு ஏறினால்தான் அங்கே அச்சு காய்ந்தது என்பார்கள். ஒட்டக்கா பட்டறையில் காய்ந்தது என்றால் விரலில் ஒட்டவில்லை என்று பொருள்; அடுப்பெல்லாம் அதைச் சீக்கிரமாக்கத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத் தலையாட்டி ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்கொரு காய்தல் மனசில் இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். பாக்கெட் மேல் அச்சடிக்கும்போது, வாங்குகிறவர்களுக்குப் புரியட்டும் என்று ஒட்டக்கா தன் சொந்தப் புத்தியில் இன்னொரு வரியும் சேர்த்தாள்: 'விரலில் ஒட்டாவிட்டால் காய்ந்தது என்று அறிக.'

இன்று நகரத்துக்கு வெளியே இருக்கும் பெரிய ஃபவுண்டரியில் முதல் வார்ப்பு. காப்புரிமைச் சான்றிதழைப் பார்த்துவிட்டு அவர்களே தேடி வந்து ஒப்பந்தம் போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். இதுவரை தம்பி ஒட்டியதெல்லாம் உள்ளங்கை அளவுச் சீட்டு. இவர்கள் கேட்டது செய்தித்தாளை நாலாக மடித்த அளவு. ஊற்றப் போவது ஒன்றரை டன் இரும்பு. பக்கத்தில் நின்று பார்க்கத் தம்பி காலையிலேயே போய்விட்டான். பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"ஒட்டகம், மூணு மணிக்கு ஊத்தறாங்க. நேத்தே ஒட்டி அச்சை மூடிட்டாங்க."

"காய்ஞ்சுதாடா?"

"கேட்டேன். ஃபோர்மேன் நல்லா காய்ஞ்சிருச்சுன்னார். அனுபவஸ்தர். சரி, உள்ள போன் கூடாதாம், வாசல்லயே வாங்கி வச்சுக்கறாங்க. வச்சிடறேன்."

ஒட்டக்காவுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அவள் கேட்டதும் காய்ந்ததா என்றுதான், அவன் சொன்னதும் காய்ந்தது என்றுதான். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இரண்டு மணிக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்தாள். கணவர் அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு முட்டையைக் கையில் எடுத்தார். "எண்ணெய் காஞ்சிருச்சா பாரு" என்றார்.

அவள் கை கழுவியிருந்தாள். சட்டியின் பக்கம் கையை நீட்டியபோது விரல் நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டு உள்ளே விழுந்தது. எண்ணெய் படீரென்று எகிறி அவள் மணிக்கட்டில் தெறித்தது.

"கையைத் துடைச்சிட்டு வரக் கூடாதா? காஞ்ச எண்ணெயில தண்ணி பட்டா சும்மா இருக்குமா?" என்று கணவர் சத்தம் போட்டார்.

அவள் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். காஞ்ச எண்ணெய். எண்ணெய் எங்கே விரலில் ஒட்டாமல் காய்ந்தது? சூடாகியிருக்கிறது, அதைத்தான் காய்ந்தது என்கிறார். தம்பியும் அதைத்தான் சொன்னான், ஒன்றரை வருஷமாக.

அந்தப் பூச்சு ஒரு மணி நேரத்தில் மேலே காய்ந்துவிடும், தொட்டால் பிசுக்கென்று ஒட்டாது. ஆனால் பூச்சுக்குப் பின்னால் பசை, பசைக்குப் பின்னால் மணல். வெளியே போக வழியில்லாமல் ஈரம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். பசையை அவளை விட யாருக்குத் தெரியும்? உள்ளங்கை அளவு சீட்டு என்றால் ஏதோ தெறிப்போடு போகும். செய்தித்தாள் அளவுக்கு ஈரம், அதன் மேல் ஒன்றரை டன் உருகிய இரும்பு. இரும்பு அச்சில் நிரம்பி வருகிறதா என்று பார்க்க மேலே துளை விட்டிருப்பார்கள். தம்பி எப்போதும் அந்தத் துளைக்கு நேரே குனிந்துதான் பார்ப்பான். நூறு தடவை திட்டியிருக்கிறாள்.

தம்பி போனுக்கு அடித்தாள், எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. ஃபவுண்டரி அலுவலகத்துக்கு அடித்தாள். இவளிடம் சீட்டு வாங்கிய அதிகாரி எடுத்தார்.

"சார், அந்த அச்சை அடுப்புல வச்சீங்களா?"

"எந்த அடுப்புல மேடம்?"

"ஊத்தாதீங்க சார். அது காயல."

"காய்ஞ்சிருச்சே மேடம். ஃபோர்மேன் தொட்டுப் பாத்துட்டுத்தான் மூடினார். உங்க பாக்கெட் என் கையிலதான் இருக்கு, படிக்கட்டுமா? விரலில் ஒட்டாவிட்டால் காய்ந்தது என்று..."

"அதை எழுதினது நான்தான்! தப்பா எழுதிட்டேன்!"

அவர் சிரித்தார். நல்ல மனுஷன் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. "தப்பா எழுதினதுக்கா பேடண்ட் குடுத்தாங்க? முதல் தடவை, பதற்றமாத்தான் இருக்கும். உருகின இரும்பை ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாது மேடம். நான் உங்க தம்பிகிட்ட சொல்லிடறேன்."

"அடுப்புல வைக்கலன்னு சொல்லுங்க சார். அப்படியே சொல்லுங்க."

"சொல்லிடறேன், சொல்லிடறேன்."

கணவர் வண்டியை எடுத்தார். வழியில் இருந்த ஒவ்வொரு சிக்னலும் அவர்களுக்காகவே சிவப்பாகக் காத்திருந்தது. "அவர்தான் சொல்றேன்னாரே, சொல்லியிருப்பார்" என்று கணவர் இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவை அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை. பெரிய வாசலில் இறங்கும்போது மணி மூன்றுக்கு ஆறு நிமிஷம் இருந்தது.

காவலாளி நோட்டை நீட்டினார். பெயர், நேரம், யாரைப் பார்க்க, கையெழுத்து. அவள் கிறுக்கிவிட்டு ஓடப் போனாள். அவர் குறுக்கே வந்தார்.

"சீட்டு ஒட்டாம உள்ள விட மாட்டோம்மா."

அவர் பிரித்துக் கொடுத்த சீட்டு அவள் பட்டறையில் செய்தது. ஓரத்தில் அவள் வைக்கும் சின்ன வளைவு அப்படியே இருந்தது. தோளில் வைத்து அழுத்தினாள். வேர்வையில் நனைந்த துணியில் அது ஒட்டவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடி விழுந்தது. எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பாள், என் சீட்டு எங்கேயும் ஒட்டும், ஈரத்தில் மட்டும் ஒட்டாது என்று! சீட்டைக் கையிலேயே கசக்கிப் பிடித்துக்கொண்டு, காவலாளியின் கைக்குக் கீழே குனிந்து ஓடினாள்.

உள்ளே நீளமான கொட்டகை. தூரத்தில் கிரேனில் தொங்கிய வாளி ஏற்கெனவே சாய்ந்திருந்தது. அதன் மூக்கிலிருந்து வெள்ளையாக இரும்பு இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி அச்சுக்கு அந்தப் பக்கம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, துளைக்கு நேரே குனிந்து நின்றான். முகம் முழுக்க அந்த வெளிச்சம். சந்தோஷமாக இருந்தான்.

"காயல!" என்று கத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அந்த வார்த்தையைச் சொன்னால் அவன் காய்ந்தது என்பான். இரண்டு பட்டறைக்கும் பொதுவாக ஒரு வார்த்தை வேண்டும், இந்த நொடியே வேண்டும்.

"ஈரம்! டேய், ஈரம்டா!"

அவன் குரல் வந்த பக்கம் திரும்பினான். அக்காவைப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் வார்த்தை போய்ச் சேர்ந்தது. ஃபோர்மேனின் நெஞ்சில் கையை வைத்து அவரைப் பின்னால் தள்ளினான். தான் நகர அவனுக்கு நேரம் இருக்கவில்லை. அச்சுக்குள் எதுவோ இருமியது. அடுத்த நொடி அந்தத் துளை வழியாக இரும்பு கூரை வரைக்கும் எகிறியது.

தம்பி உயிரோடு இருந்தான். திரும்பியதால் முகத்தில் ஒரு பாதி தப்பியது என்று டாக்டர் சொன்னார். மறு பாதியைப் பற்றியும் அந்தப் பக்கத்துக் கண்ணைப் பற்றியும் அவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள்தான் அவனுக்குப் பேச வந்தது.

"அக்கா, எழுத்து விழுந்துச்சா?"

"விழுந்துச்சுடா." உண்மையில் அவள் அந்த இரும்பைப் போய்ப் பார்க்கவே இல்லை. பட்டறையில் கணவர் நாற்பது பெட்டி பாக்கெட்டையும் பிரித்து, அச்சடித்த உறைகளைக் கிழித்துக்கொண்டிருந்தார். வக்கீல் இரண்டு தடவை போன் செய்து, எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள் என்றார். அவள் ஏற்கெனவே ஃபவுண்டரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள், அடுப்பு, இரண்டு மணி நேரம், எல்லாம்.

"அந்த ஆபீஸ்காரர் உன்கிட்ட வந்து சொல்லலையாடா?"

"வந்தாரே. 'காய்ஞ்சுதான்னு உங்க அக்கா கேக்கறாங்க'ன்னார்." தம்பி மூச்சு வாங்கினான். "காய்ஞ்சிருச்சுன்னு சொல்லச் சொன்னேன்."

ஒட்டக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவனுக்குக் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

நர்ஸ் உள்ளே வந்தாள், சின்னப் பெண். கட்டின் ஓரத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. புண்ணு காய்ஞ்சதும் கட்டைப் பிரிச்சிடலாம்" என்றாள்.

ஒட்டக்கா எழுந்து நின்றாள். "காய்ஞ்சதும்னா?"

"என்னம்மா?"

"காய்ஞ்சதும்னா எப்படிம்மா? மேல காய்ஞ்சா போதுமா? உள்ளயும் காயணுமா? சரியா சொல்லு. எழுதிக் குடு."

நர்ஸ் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். கட்டிலில் தம்பி அசையாமல் கிடந்தான், அவனும் பதிலுக்குத்தான் காத்திருந்தான்.

"மேல தொட்டா காய்ஞ்ச மாதிரிதான்மா இருக்கும்" என்றாள் நர்ஸ். "உள்ள எப்படி இருக்குன்னு பிரிச்சாதான் தெரியும்."