கயிற்றின் மறுமுனை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கரடியூர் பாறையில். மிளகு மூட்டையோடு ஜீப்புக்குக் காத்திருந்தேன். பள்ளத்திலிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். இடுப்பில் ஏணி கட்டும் கயிறு, வாயில் யாரோ சுற்றிப்பார்க்க வந்தவர் தவறவிட்ட செல்போன். (வாயில்தான். கை இரண்டும் பாறைக்கு வேண்டுமே.) பெயர் கேட்கவில்லை. சசிரேகா என்று நானே வைத்தேன். வயது பத்தொன்பது. வீடு கிடையாது; கடைகளின் பின்புறம் படுக்கை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பணத்தாசை பிடித்த சசிரேகா அன்றைக்கும்...'

அடித்துவிட்டேன். ஆசைக்கு இறங்குகிறவள் யார் கயிறு பிடித்தாலும் இறங்குவாள். இவள், மேலே நின்று கயிறு பிடிக்கும் செபாஸ்டின் இல்லாத நாளில் பாறை நுனிக்கே போவதில்லை.

சரி, செபாஸ்டினைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். அவனும் போக்கிடம் இல்லாதவன். 'இறங்கு என்று அவளை மிரட்டி...'

அதுவும் நிற்கவில்லை. அவள் தூங்கும்போது விழித்திருப்பவன் அவன். பன் கிடைத்தால் பெரிய துண்டு அவளுக்கு. அவன் பிடித்திருப்பதால்தான் அவளுக்குப் பள்ளம் ஆழமாகத் தெரிவதில்லை. யாருமே இல்லாதிருந்தால் அவள் பத்திரமாக இருந்திருப்பாள். ஆனால் அவளுக்கென்று யாருமே இருந்திருக்க மாட்டார்கள்.

3

இன்று செபாஸ்டின் காலையிலேயே குடித்திருக்கிறான். கீழே புதரில் ஒரு செல்போன் மினுங்குகிறது.

"எப்படியாவது எடுத்துக் குடும்மா," என்கிறார் அதைத் தவறவிட்டவர்.

சசிரேகா செபாஸ்டினைப் பார்க்கிறாள். "ஏன்டா, கை தந்தியடிக்குது?"

"குளுருக்கு. ஏம் புள்ள, என்னைய நம்பலையா?"

"நம்பாமத்தான் இத்தன நாளும் தொங்குனனா?"

"அப்பறம் என்ன, எறங்கு."

மாட்டேன் என்றால் அவன் முகம் சுண்டிப்போகும். அதைப் பார்ப்பதைவிட இறங்குவது அவளுக்குச் சுலபம். இடுப்பில் முடிச்சைப் போடுகிறாள்.

4

விழுந்தாள் என்று முடிக்கலாம். புத்தி சொல்லப் பிடித்தவர்களுக்கு அது பிடிக்கும். ஆதரவற்றோர் விடுதியில் சேர்ந்தாள் என்று முடிக்கலாம். [அங்கே செபாஸ்டினுக்கு இடம் உண்டா? இல்லையென்றால் மறுநாளே திரும்பி வந்துவிடுவாள்.] இரண்டும் வேண்டாம். அவளை எனக்குத் தெரியும்.

ஒரு காலைப் பள்ளத்தில் இறக்கியவள் நிமிர்ந்து, அவன் தோளைத் தாண்டிப் பார்க்கிறாள்.

"ஏனுங்க, சும்மா பாத்துட்டுத்தானுங்க நிக்கறீங்க? அவனுக்குப் பின்னால நீங்களும் ஒரு கை புடிங்க."

என்னைச் சொல்லவில்லை; வாசிக்கிற உங்களைத்தான். இடது கையால் தாளை அழுத்திக்கொண்டால்தான் எனக்கு எழுத்து நேராக வரும். என் இரண்டு கையும் இங்கே இருக்கிறது. செபாஸ்டினுக்குப் பின்னால் கயிறு நிறைய மிச்சம் கிடக்கிறது. எடுங்கள். கீழே இறக்குவதா, மேலே இழுப்பதா என்று அவளிடமே பேசிக்கொள்ளுங்கள். அதுவரை அவளுடைய இன்னொரு காலை நான் பாறையிலிருந்து எடுக்கப் போவதில்லை.