நாலாவது கட்டில்

ரெண்டு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தாள் அந்த நர்ஸ். தம்பிக்கு முழங்காலில் ஆபரேஷன். ஆறாம் நாள் சீழ் வைத்தது, மாதம் முடிவதற்குள் கால் போயிற்று. பெரிய டாக்டர் கை கழுவாமல் கட்டைப் பிரித்ததைத் தம்பியே பார்த்திருக்கிறான். போய்க் கேட்டதற்கு, உங்கள் வீட்டில் சுத்தம் பத்தாது என்றாராம் அந்த மகானுபாவர். வயிறு எரியுமா, எரியாதா?

இப்போது அதே ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பு அவள்தான். டாக்டர்கள், லேப்காரர், மருந்து கொடுக்கிறவர், வார்டு துடைக்கிற ஆயாம்மா என்று எல்லாரையும் சேர்த்துக் குழு போட்டதும் அவளே. குழுவுக்கு ஒரே சட்டம். யாராவது கை கழுவாமல் நோயாளியைத் தொடப்போனால், பார்த்தவர் "கை" என்று சொல்லவேண்டும். சொன்னால் எவ்வளவு பெரிய டாக்டரானாலும் நிற்கவேண்டும். பெரிய டாக்டரும் கையெழுத்துப் போட்டிருந்தார். அவரிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

அன்று காலை லேப்காரரிடம் ஒரு பசை வாங்கினாள். கண்ணுக்குத் தெரியாது, ஆளுக்குக் கெடுதல் இல்லை. சோப்புப் போட்டால் போய்விடும், போடாவிட்டால் புற ஊதா விளக்கில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். டாக்டரின் ஃபைல் அட்டை முழுக்கத் தடவிவைத்தாள். வாடா மவனே, இன்றைக்கு உன் மானத்தை வாங்காமல் விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஃபைலோடு வந்தார். முதல் கட்டில், கை கழுவவில்லை. ரெண்டு, மூணு, அங்கேயும் இல்லை. அவள் வாயே திறக்கவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை, பாவி. நாலாவது கட்டிலில் வயிற்றுத் தையல் விட்டுப்போன ஒரு பெண். பக்கத்தில் அவள் அண்ணன். டாக்டர் கட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். அப்போதும் இவள் பேசவில்லை.

"கை, சார்."

ஆயாம்மாதான் சொன்னாள். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டாள். டாக்டர் கையை இழுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் திரும்பினார். விடுவாளா நர்ஸ்? வழிமறித்து, கையோடு கொண்டுவந்திருந்த விளக்கைப் போட்டாள். பத்து விரலும் நீலமாக மின்னின. மூணு போர்வை மின்னியது, ஒரு பெரியவரின் டிரிப்ஸ் குழாய் மின்னியது, அந்தப் பெண்ணின் கட்டும் மின்னியது. என் தம்பி காலை எடுத்த கை இதுதான் என்று வார்டே கேட்கச் சொன்னாள். டாக்டர் தலையைத் தூக்கவில்லை. ரெண்டு வருஷ எரிச்சல் அடங்கினமாதிரி இருந்தது அவளுக்கு.

ஆயாம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல் கட்டில்லயே பாத்துட்டீங்கல்ல சிஸ்டர்? இந்தப் பொண்ணு புண்ணுக்கிட்ட போற வரைக்கும் ஏன் சும்மா இருந்தீங்க?"

அவள் விளக்கை அணைத்தாள்.

கட்டில் ஓரத்திலிருந்து அண்ணன் எழுந்தான். டாக்டர் பக்கம் அவன் திரும்பவே இல்லை. நேரே இவளிடம் வந்து நின்றான்.

"உங்க பேரு என்ன?" என்று கேட்டான்.