வாயில் பஞ்சு

என் வீட்டுக்காரர் பார்க்காத டாக்டர் இல்லை. நெஞ்சு படபடப்புக்கு ஒருவர், வயிற்றெரிச்சலுக்கு ஒருவர், தலைவலிக்கு ஒருவர். எல்லாரும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். தலைவலி டாக்டர் மட்டும் மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். “எனக்கென்ன பைத்தியமா?” என்று இவர் அந்தச் சீட்டை மடித்து, ஆடுகிற மேஜையின் காலுக்கு அடியில் வைத்தார். மேஜைக்குக் குணமாகிவிட்டது.

என் கொழுந்தன் பைக் விபத்தில் போனதிலிருந்து இந்தக் கூத்து. தம்பியைத் தூக்கி வளர்த்த மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தூக்கத்தில் மட்டும் பல்லை நறநறவென்று கடிப்பார். எரிச்சலாக வரும். அதைவிடப் பயமாக இருக்கும், இவரும் கையைவிட்டுப் போய்விடுவாரோ என்று. கடைசியில் கடைவாய்ப் பல்லே பிளந்துவிட்டது.

பல் டாக்டரம்மா ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: “தூக்கத்துல பல்லக் கடிக்கிறாரா?”

“கடிக்கிறாராவா? ஜல்லி உடைக்கிறார்மா,” என்று தொடங்கி, கொழுந்தன் போனது முதல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“பல்ல நான் சரி பண்ணிடுவேன். இவரு மறுபடி உடைப்பாரு. மேல்மாடிலதான் மனநல டாக்டர் இருக்காரு. இப்பவே வரச் சொல்லட்டுமா?”

இவர், “ங்ஙே... ங்ஙே,” என்றார்.

“சரிங்கிறாரு,” என்றேன். கல்யாணமான நாளாக இப்படியொரு வாய்ப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

டாக்டரம்மா போனில் விஷயத்தைச் சொன்னதும் மனநல டாக்டர் செருப்பைச் சரக்சரக்கென்று இழுத்துக்கொண்டு இறங்கி வந்தார். டாக்டரம்மாவின் உருளும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, இவர் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

“நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் போகணும்னா கைய ஆட்டுங்க, போயிடறேன்.”

நான் எட்டிப் பார்த்தேன். இவர் கை சாய்வு நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தது. ஆடவில்லை.

“தம்பி நெனப்பாவே இருக்கா?”

அவ்வளவுதான் கேட்டார். மல்லாந்து கிடந்தவரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நானும் அழுதேன்.

பல் டாக்டரம்மா பதறிப்போனார். “மரத்துப் போகலையா? ரொம்ப வலிக்குதா?”

இவர் பஞ்சைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு, கோணிய வாயால் சொன்னார்: “பல்லு வலிக்கலம்மா.”

மனநல டாக்டர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.