நேரில் கேளுங்கள்

பாடாலூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பிரேம்குமாருக்கு இரண்டு பெயர்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு அவன் "பிரேமு, ரெண்டு பக்கமும் எடுப்பா". முகநூலில் 'முதற்குடிப் படை' பக்கத்தின் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு அவன் தலைவர் கல்வேலன். முகம் காட்டாத தலைவர்.

படையின் கொள்கை ஒன்றுதான். உலகின் முதல் அரசு நம்முடையது, ஆதாரத்தை மறைத்துவிட்டார்கள். விதியும் ஒன்றுதான். கலப்பில்லாத தமிழ். 'சாரி தலைவரே' என்று எழுதிய ஒருவரைக் கல்வேலன் அந்த நிமிடமே நீக்கியிருக்கிறார்.

ஒருநாள் ஆலத்தியூரிலிருந்து யாரோ ஒரு கல்லின் படம் அனுப்பினார்கள். முறம் அளவு வட்டக்கல். நடுவிலிருந்து விளிம்பு வரை சுருள் சுருளாக வரி. பிரேம்குமார் இரண்டு நிமிடம் யோசித்து, "முதல் அரசனின் முத்திரைச் சக்கரம்" என்று எழுதிப் போட்டான்.

நான்கே நாளில் அது பனியனில் வந்துவிட்டது. ஒருவன் மார்பில் பச்சை குத்திப் படம் போட்டான். பாடாலூரில் டீ குடிக்க நின்ற லாரி டிரைவர் ஒருவர், கடைக்குள் வந்து செல்போனை நீட்டினார். "தம்பி, இந்தச் சக்கரத்தைக் கலர்ல எடுத்துக் குடுங்க. வண்டி முன்னாடி ஒட்டணும். கும்புடுற பொருளு, சுருக்கம் விழாம எடுங்க."

பிரேம்குமார் சுருக்கம் விழாமல் எடுத்துக் கொடுத்தான். இரண்டு நிமிட யோசனை, யாரோ ஒருவருக்குச் சாமி ஆகிவிட்டது!

மறுவாரம் ஒரு யூடியூப் சேனல்காரர் அந்தக் கல்லின் சொந்தக்காரியைக் கண்டுபிடித்தார். ஆலத்தியூரில் சோளக்காட்டுக்குக் கூலிக்குப் போகும் மருதாயி. மைக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னாள்:

"ராசாவோட முத்திரையா? அது எங்க வூட்டுப் பஞ்சாரத்து மேல வக்கிற கல்லுங்க. நாய் வந்து கோழியப் புடிக்காம இருக்க பாரம் வச்சிருக்கேன். ஓடையில சும்மா கெடக்குது, வேணும்னா ஒண்ணு எடுத்துக்கங்க."

ஊரே சிரித்தது. பிரேம்குமாருக்குக் காது சிவந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எழுதினான்:

"தோழர்களே, அந்த அம்மையாரை நேரில் கேளுங்கள்."

கேட்பது என்றால் விசாரிப்பது. அந்த வட்டாரத்தில் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. 'அவன் வூட்டுக்கே போய்க் கேட்டுட்டு வரேன்' என்று ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டினால், அவன் விவரம் தெரிந்துகொள்ளப் போகவில்லை. இரண்டு அர்த்தமும் தெரிந்துதான் பிரேம்குமார் அந்தச் சொல்லைப் பொறுக்கினான்.

அரை மணி நேரத்தில் படங்கள் வரத் தொடங்கின. பத்து பைக், இருபது, நாற்பது. "கேட்கப் புறப்பட்டுவிட்டோம் தலைவரே." ஒரு படத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் கையில் கடப்பாரை.

பிரேம்குமார் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அவசரமாக எழுதினான்: "யாரும் போக வேண்டாம். நான் சொன்னது தவறு."

பதில்கள் கொட்டின. "தவறு என்று தலைவர் எழுதவே மாட்டார்." "பக்கத்தைத் திருடிவிட்டார்கள்!" "துரோகிகளுக்கு ஆலத்தியூரில் பதில் சொல்வோம்." இன்னும் முப்பது பைக் கிளம்பியது.

கடையை இழுத்துப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தான். பெரம்பலூர் தாண்டி, குன்னம் தாண்டி, சிமெண்ட் லாரிகளின் வெள்ளைப் புழுதிக்குள் புகுந்து போனான். அந்தப் பொம்பளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. மனதில் வேறு நினைப்பே இல்லை.

மருதாயி வீட்டு வாசல் முழுக்கப் பைக். பஞ்சாரம் கவிழ்ந்து கிடந்தது. கோழிகள் கூரை மேல். கல்லைச் சிவப்புத் துண்டில் சுற்றி ஒருவன் தலையில் வைத்திருந்தான். நடுவில் மருதாயி, ஒரு கையில் கோழிக்குஞ்சோடு. அவளுக்கு எதிரே படையின் திருச்சி மண்டலப் பொறுப்பாளர் செல்லதுரை கடப்பாரையை ஊன்றி நின்றான்.

"அம்மையாரே! நும் கூற்றைத் திரும்பப் பெறுக!"

"என்னத்தைய்யா பெறச் சொல்றே? எனக்கு ரெண்டு பெத்ததே போதும்."

பின்னால் ஒருவன் சிரித்துவிட்டான். செல்லதுரை முகம் கறுத்தது. கடப்பாரை தரையை விட்டு எழும்பியது.

பிரேம்குமார் ஓடிப்போய் நடுவில் நின்றான். "நிறுத்துங்க! நான்தான் கல்வேலன். நான்தான் எழுதினேன். தப்பாப் போச்சு, சாரி, எல்லாரும் வூட்டுக்குப் போயிடுங்க."

எல்லாரும் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு ஒரே சிரிப்பு.

"தலைவரு வாயில 'சாரி'யா?"

"வூடாம்டா, வூடு! இல்லம்னு சொல்லத் தெரியல, இவரு கல்வேலனாம்!"

"பக்கத்தத் திருடுனவன் இவன்தான்டா!"

முதல் அறை கன்னத்தில். இரண்டாவது முதுகில். அவன் போட்ட விதியே அவனை அடித்தது. கீழே விழுந்தவன் எழுந்து மறுபடி அதே இடத்தில் நின்றான்.

"நான்தாங்க கல்வேலன்."

மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையை மருதாயி பிடித்தாள்.

"வுடுய்யா. அவன் சொல்றது நெசந்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" செல்லதுரைக்குச் செந்தமிழ் மறந்துவிட்டது.

"அடி வாங்குறதுக்குன்னே ஒருத்தன் இன்னொருத்தன் பேர எரவல் வாங்குவானா? சரி, கேக்கத்தானே வந்தீங்க? வாங்க. எல்லாத்துக்கும் ஓடையில வச்சு பதில் சொல்றேன்."

குஞ்சை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஏனென்று தெரியாமல் வந்தவர்கள் எல்லாரும் பின்னால் போனார்கள். கடப்பாரையும் போனது.

காட்டைத் தாண்டியதும் ஓடை. மழை அறுத்த கரை, இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர்போல் நின்றது. அந்தச் சுவர் முழுவதும் சுருள். நகம் அளவு, கை அளவு, வண்டிச் சக்கரம் அளவு. இடையிடையே வரி வரியாகச் சிப்பி. கால் வைத்த இடமெல்லாம் கிளிஞ்சல். மேலே சோளக்காடு, கீழே ஒரு கடலே கல்லாகிப் படுத்திருந்தது.

ஒருவன் செருப்பைக் கழற்றினான். அவனைப் பார்த்து இன்னொருவன். பச்சை குத்தியிருந்தவன் சட்டைக்கு மேலே மார்பைத் தடவிக்கொண்டான்.

"இதெல்லாம்... யாரு செஞ்சது?" என்றான் செல்லதுரை, மெதுவாக.

"யாரும் செய்யல. கடல் நத்தை மாதிரி உசுரோட இருந்ததாம். காலேஜ்லேருந்து வர்ற புள்ளைங்க சொல்லும், கோடிக்கணக்கான வருசமாம், அப்ப மனுசனே கெடையாதாம். ராசாவுக்கு எங்கய்யா போறது?"

பிரேம்குமார் கரையில் கை வைத்தான். குளிர்ந்திருந்தது. பெரம்பலூர் மாவட்டத்தில் பிறந்து இருபத்தொன்பது வருடம், ஒருநாள்கூட இதை வந்து பார்த்ததில்லை. படத்தைப் பார்த்தே அரசன் ஒருவனை உண்டாக்கிவிட்டான். இவ்வளவு பெரிய நிஜம் ஒரு மணி நேர தூரத்தில், வாய் திறக்காமல் கிடந்திருக்கிறது.

துண்டில் சுற்றிய கல்லைத் தலையில் சுமந்தவன் சத்தமில்லாமல் திரும்பிப்போய்ப் பஞ்சாரத்தை நிமிர்த்தி, அதன் மேல் வைத்தான். பைக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சிலர் மட்டும் போகிற போக்கில் பிரேம்குமாரை முறைத்தார்கள்.

"அம்மா, மன்னிப்புக் கேக்குறேங்க," என்றான்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்குறே? எதுல என்னைக் கேக்கச் சொன்னியோ, அதுல கேளு."

வீங்கிய கன்னத்தோடு அங்கேயே உட்கார்ந்து தட்டினான். "கல்வேலன் நான்தான். அது அரசன் முத்திரை இல்லை. நானே கட்டின கதை. அந்தம்மா வூட்டுக்கு ஆளை அனுப்புனதும் நான்தான். மன்னிச்சிடுங்க. சாரி." 'வூடு' என்பதைத் திருத்த விரல் போனது. திருத்தவில்லை. ஓடைக் கரையைப் படம் எடுத்துச் சேர்த்துப் போட்டான்.

முதல் பதில் உடனே வந்தது.

"நீ யாருடா?"

இத்தனை வருடத்தில் யாரும் அவனிடம் கேட்காத கேள்வி. நிதானமாகப் பதில் எழுதினான்.

"பிரேம்குமார். பாடாலூர்ல ஜெராக்ஸ் கடை. நேர்ல வந்து கேளுங்க."