ஊர் கேட்காத மேசை

பேர்ணடெற் அந்தக் கேள்வியைக் கேட்டது வாயால்தான். மூளைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

"ஊரில எவடம், தம்பி?"

ரொறன்ரோவின் மல்வேர்னில் ஒரு சமூக நிலையத்தின் பின்னறையில், வியாழக்கிழமைகளில் மட்டும் போடப்படும் எச்.ஐ.வி. பரிசோதனை மேசை அது. எதிரே இருந்தவனுக்கு நாற்பது வயது மட்டில் இருக்கும். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தாயிற்று. இனி ஒரு நிமிடம் பார்த்திருக்க வேண்டும். ஒரு புள்ளி தெரிந்தால் வீட்டுக்குப் போகலாம். இரண்டு தெரிந்தால் கையில் இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பி உறுதிப்படுத்த வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் அவன் பட்ட பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவள் கதை கொடுத்தாள். காலநிலையைப் பற்றிப் பேசலாம், ஹொக்கியைப் பற்றிப் பேசலாம் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். தமிழனோடு காலநிலையையா பேசுவது? பஸ் தரிப்பிலோ பல் வைத்தியரிடமோ மரண வீட்டிலோ, இரண்டு தமிழர் சந்தித்தால் முதலில் வருவது ஊர்தான்.

"பேசாலை," என்றான்.

"அட, எங்கடை பக்கம்! ஆற்றை மோன்?"

யாருடைய மகன் என்று கேட்டதும் அவன் முகம் கதவு சாத்தியதுபோல் ஆயிற்று. தான் செய்த மடைத்தனம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குனிந்து பார்த்தாள். இரண்டு புள்ளிகள். அவனும் பார்த்துவிட்டான். "தம்பி, உது கடைசி முடிவில்லை, கொஞ்சம் இருங்கோ," என்று அவள் எழும்புவதற்குள் ஜக்கெற்றை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அவனுக்குக் கொடுத்த துண்டு மேசையிலேயே கிடந்தது. அதில் 417 என்ற எண் மட்டும்.

அந்த எண்ணைத் தவிர அவளிடம் வேறொன்றும் இல்லை. பெயர், விலாசம், தொலைபேசி எதுவும் கேட்காத சோதனை அது. சனங்கள் பயமில்லாமல் வரட்டும் என்று செய்த ஏற்பாடு. அதனால் ஓடினவனைத் தேடவும் வழியில்லை. விரலைக் குத்துவதற்கு முன் அவன் ஒன்று சொல்லியிருந்தான்: "ஊரிலையிருந்து மனுசி மார்கழியிலை வாறா. அதுக்கு முதல் ஒருக்காப் பாப்பமெண்டு வந்தனான்." இப்போது ஐப்பசி. ஒழுங்காக வந்த மனிதனை ஊர்க்கதை கேட்டு விரட்டிவிட்டேனே என்று அவளுக்கு நெஞ்சு பொருமியது.

தேட வழியில்லை என்று சொன்னதும் முழு உண்மை இல்லை. வீட்டில் பஸ்ரியன் இருந்தார். அவள் புருஷன். பேசாலை இருக்கிற மன்னார்த் தீவில் பிறந்து ரொறன்ரோவில் இருக்கிற ஒருவனின் மூக்கைச் சொன்னால் போதும், மூன்று தலைமுறை சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அவர் மீனுக்குச் செதில் சீவிக்கொண்டு நின்றபோது அவள் வாய் தானாகத் திறந்தது.

"இஞ்சாருங்கோ, பேசாலை ஆக்கள்..."

"ஓம்? ஆரைக் கேக்கிறீர்?" கத்தி அந்தரத்தில் நின்றது. அந்த மனிதரின் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

இரண்டு தொலைபேசி அழைப்புப் போதும், ஆள் கிடைத்துவிடுவான். ஆனால் பொழுதுபடுவதற்குள் பேசாலையில் அவன் வீட்டுப் படலைக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். பிறகு அந்த மேசைக்கு ஒரு தமிழ்க் குஞ்சும் வராது.

"ஒண்டுமில்லை. புளி காணுமோ எண்டு கேக்க வந்தனான்."

பஸ்ரியன் அதை நம்பவில்லை. அவள் சட்டியைக் கழுவுவதில் மும்முரமானாள்.

அடுத்த வியாழன் ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மேசையில் நிறுத்தினாள்: "இங்கே பேர் கேட்கமாட்டோம். ஊர் கேட்கமாட்டோம். யாருடைய பிள்ளை என்றும் கேட்கமாட்டோம்." கனடாவிலேயே, ரூஜ் பக்கத்தில் பிறந்து வளர்ந்த நேர்ஸ் நடாஷா எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்க நேரம் எடுத்தது.

"வெயிற், அன்ரி. ஊர் கேக்கிறது றூட் ஓ, மரியாதையில்லையோ? எங்கட அம்மா எலிவேற்றருக்குள்ளயே கேப்பா."

"அதாலதான் பிள்ளை எழுதினனான்."

மட்டையைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஒரு கிழவர் அதை இரண்டுதரம் வாசித்துவிட்டு, "அப்ப நானும் இருக்கலாம்," என்று கையை நீட்டினார். வழக்கமாக மூன்று தமிழர் வரும் இடத்தில் அன்று எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேருக்கும் ஒற்றைப் புள்ளி. அவளுக்குச் சந்தோசம்தான். ஆனாலும் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் தலை தானாக நிமிர்ந்தது. 417 என்ற துண்டு மேசை லாச்சியில் கிடந்தது.

மூன்றாவது வியாழன் முதல் பனி கொட்டியது. மேசையை ஒதுக்கும் நேரம். சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு அவன் வாசலில் நின்றான். கண்ணடியில் கறுப்புக் கட்டியிருந்தது. மட்டையை மெல்ல வாசித்தான்.

"நாலு ஒண்டு ஏழு," என்றான். "உங்களிட்டை இருக்கோ?"

அவள் லாச்சியைத் திறந்து துண்டை எடுத்து வைத்தாள்.

"அண்டைக்கு நான் கேட்டது பிழை, தம்பி."

அவன் நாற்காலியில் இருந்தான். "ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன். கோயிலுக்கும் போகேல்லை. போன் அடிச்சாலும் பயந்து பயந்துதான் எடுப்பன்." ஜக்கெற்றைக் கழற்றி மடியில் வைத்தான். "நேற்று அம்மா ஊரிலையிருந்து போன் எடுத்தவ. சாப்பிட்டியோ, குளிரோ எண்டு மட்டும்தான் கேட்டவ. அப்பதான் விளங்கினது, நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையெண்டு."

பேர்ணடெற்றுக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். "கிருமி இருக்கெண்டு உறுதியாய் வந்தாலும் பயப்பிடாதேங்கோ. நாளுக்கு ஒரு குளிசை. ஒழுங்காய்ப் போட்டுக் கிருமி அடங்கினால் மனுசிக்குத் தொத்தாது. டொக்டரோடை கதைச்சுப் பிள்ளையும் பெறலாம்."

"பிள்ளையுமோ?"

"ஓம், பிள்ளையும்."

அவன் சட்டைக் கையை மேலே சுருட்டினான். நடாஷா ஊசியைப் போட்டாள். குழாயில் ஏறிய இரத்தத்தை அவன் கண்ணெடுக்காமல் பார்த்தான். குழாயில் ஒட்டியதும் அந்த எண்ணைத்தான். மறுமொழிக்கு அடுத்த வியாழன் வரவேண்டும் என்று சொல்லி, துண்டை அவனிடம் நீட்டினாள் பேர்ணடெற். அவன் எழும்பி, ஜக்கெற்றைப் போட்டு, கதவுவரை போய்த் திரும்பி நின்றான்.

"அக்கா, நீங்கள் ஊரில எவடம்?"

நடாஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேர்ணடெற் மட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"தலைமன்னார்."

"அப்ப எங்கடை பக்கம்தான்," என்று சொல்லி, துண்டை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பொத்தானையும் பூட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கினான்.