வலது சக்கரத்து ரப்பர் கயிறு

பாளையங்கோட்டையில் சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டிருந்த தேவமணிக்கு 1913-ஆம் வருஷம் ஆனி மாதம் ஆகாய விமானத்துக்குக் கயிறு கட்டுகிற வேலை கிடைத்தது. ஊருக்குக் கிழக்கே உள்ள பொட்டலில் பெல்லாமி துரை மூன்று நாள் பறந்து காட்டுவதாக வக்கீல் ஞானசம்பந்தன் ஏற்பாடு செய்திருந்தார்.

விமானத்தின் இரண்டு சக்கரங்களையும் தாங்கிய அச்சு, விரல் கனத்து ரப்பர் கயிற்றால் சட்டத்தோடு சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. இறங்கும்போது விழுகிற இடியை அந்த ரப்பர்தான் தாங்கவேண்டும். வாலுக்கு ஒரு மரக்கட்டை மட்டும். துரை தரைக்கு ஒரு முழம் மேலே வந்ததும் மூக்கைப் பைய உயர்த்திப் பிடித்து, வேகம் செத்த பிறகே கீழே விடுவார். தேவமணி ஓடிப்போய்ப் பார்த்தால் சக்கரங்களும் வால்கட்டையும் ஒரே சமயத்தில் மண்ணைத் தொட்டது தடத்தில் தெரியும். சக்கரம் மட்டும் முந்தி இடித்தால் ரப்பரே விமானத்தை மேலே தூக்கி எறிந்துவிடும் என்று துரை சொல்லியிருந்தார். அவனுடைய மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அதற்குப் போதும்.

மூன்றாம் நாள் காலையில் வலது சக்கரத்துக் கயிறு வெயிலில் வெடித்து நூல்நூலாகப் பிரிந்து கிடந்தது. மாற்றுக் கயிறு இல்லை. துரை அதை நெடுநேரம் தடவிப் பார்த்தார். நோகாமல் இறக்கிவிடுவேன், இருப்பதையே இறுக்கிக் கட்டு என்றார். தேவமணி கட்டினான்.

சாயங்காலம் மேல்காற்று வீசியது. துரை எப்போதும் காற்றை எதிர்த்து மேற்கே பார்த்துத்தான் இறங்குவார். அன்று அவர் மேலே இருக்கும்போதே மேற்கு ஓரத்துக் கூட்டம் வேலியைத் தள்ளிக்கொண்டு நடுப்பொட்டலுக்கு வந்துவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டிருந்தவருக்கு மிஞ்சியது தெற்கு வடக்காகக் கிடந்த ஒரு துண்டு நிலம். அங்கே திருப்பினார். காற்று விலாவில் அடித்து ஒதுக்கியது. வலது சக்கரம் முந்திச் சாய்வாக இடித்தது. கயிறு அறுந்த சத்தம் தேவமணிக்குக் கேட்டது. விமானம் ஒருபக்கமாகத் துள்ளி, இறக்கை மண்ணில் குத்தி, தலைகீழாகப் புரண்டது.

அவன்தான் முதலில் ஓடினான். இறக்கைத் துணியைக் கிழித்துத் துரையை வெளியே இழுத்தபோது மூச்சு இருந்தது. மாட்டுவண்டி ஆஸ்பத்திரி வாசலைச் சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

விசாரணைக்கு முந்தின நாள் ஞானசம்பந்தன் தேவமணியின் சைக்கிள் கடைக்கு வந்தார். "புதுக் கயிறுன்னு சொல்லிரும் வே. பழி காத்தோட போகட்டும்."

தேவமணி விசாரணையில் உள்ளதைச் சொன்னான். "நைஞ்ச கயிறுங்கது துரைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கட்டுனது நாந்தான்." துரையின் விருப்பப்படி நடந்தது என்று எழுதிக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அவன் மனைவி லில்லி சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கட்டமாட்டேன்னு நீங்க சொல்லியிருந்தா அவரு ஏறியிருக்க மாட்டாருல்லா?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வேறு ஆளை வைத்துக் கட்டியிருப்பார் என்று சொல்ல வாயெடுத்தான். அந்தக் கட்டுத் தெரிந்தவன் ஊரில் வேறு யாருமில்லை. சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கைகழுவ எழுந்தான்.