பதினெட்டு நாள் வித்தியாசம்

விஸ்கான்சினின் வடகோடியில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில், 1990இல், நாற்பது கணினி வாங்குவதற்கு ஒரு குழு போட்டார்கள். குழு கூடி ஒரு துணைக்குழு போட்டது. துணைக்குழு கூடி, வேலையை டேல் புருயிட் தலையில் கட்டியது. டேல் கணினி மையத்தில் புரோகிராமர். குழுவில் உறுப்பினர் இல்லை. அதனால்தான் வேலை அவனுக்கு வந்தது.

போட்டி இரண்டு கம்பெனிகளுக்குள். ஒன்று கிழக்குக் கரை, இன்னொன்று கலிஃபோர்னியா. ஆளுக்கொரு கணினியை இரவல் கொடுத்திருந்தார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான்; ஆனால் இது இரவல் மாடு, பல்லைப் பிடித்துப் பார்ப்பதே டேலின் உத்தியோகம்.

எந்தப் புரோகிராமை ஓட்டிப் பார்ப்பது என்பதில் மட்டும் யாரும் சண்டை போடவில்லை. பேராசிரியர் டோர்வால்ட் ஹெக்லண்டின் ஏரிப் புரோகிராம்தான். உறைந்த ஏரி எந்தத் தேதியில் உருகும் என்று கணக்கிட்டுச் சொல்லும். டேலும் அவரும் பன்னிரண்டு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் ஒரே மேசையில் பொரித்த மீன் சாப்பிடுகிறவர்கள். இரண்டு கணினிக்கும் புரோகிராமைப் பதிந்த டேப்பைத் தனித்தனியாக அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

ஜனவரியில் கிழக்குக்கரைக் கணினி மூன்று மணி நேரத்தில் போன வருடக் கணக்கைப் போட்டு ஏப்ரல் 14 என்றது; ஏரி நிஜமாக உருகியதும் கிட்டத்தட்ட அன்றுதான். பிப்ரவரியில், அதே ஏரிக்கு, அதே வருடத்துக்கு, கலிஃபோர்னியாக் கணினி நாலு மணி நேரம் யோசித்து மே 2 என்றது.

"கலிஃபோர்னியாக்காரனுக்கு ஐஸ்னா கிளாஸ்ல போடுறதுதான் தெரியும்" என்றார் குழுத் தலைவரான துணை டீன் ராஜர் ஸ்டானெக். குழு சிரித்தது. வேகம், துல்லியம் இரண்டு கட்டத்திலும் கலிஃபோர்னியாவுக்கு மதிப்பெண் குறைந்தது. அந்தக் கணினியும் பெட்டி கட்டி ஊர் திரும்பியது.

டேலுக்கு மட்டும் அந்தப் பதினெட்டு நாள் உறுத்தியது. இரண்டு டேப்பையும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

ஹெக்லண்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைத் திருத்தினாலும் மேலே காரணம், பெயரெழுத்து, தேதி போட்டுவிடுவார். ஜனவரி டேப்பில் இருந்தது: "பனியில் பட்டுத் திரும்பும் வெயிலை இதுவரை கணக்கில் கழிக்கவில்லை. கழித்தேன். டோ.ஹெ., ஜனவரி 3." பிப்ரவரி டேப்பில் அதே வாக்கியம், அதே கழிப்பு, மூன்று தடவை; வெயில் குறையக் குறைய உருகும் தேதியும் தள்ளிப் போயிருந்தது. ஜனவரி 3. பிப்ரவரி 9. பிப்ரவரி 12.

இரண்டாவதைப் பார்த்ததும் டேல் சிரித்தான். மூன்றாவதைப் பார்த்ததும் நிறுத்தினான்.

இலையுதிர் காலத்திலிருந்து ஹெக்லண்டின் மனைவிதான் காரோட்டி அவரைக் கொண்டுவந்து விடுகிறார். இரண்டு தடவை ஹெக்லண்ட் டேலை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அறுபத்தாறு வயது, இன்னும் இரண்டு வருடமாவது வகுப்பு எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. இந்த மூன்று வரி மேலே போனால் அந்த ஆசை அன்றோடு சரி.

மிச்சமிருந்த கிழக்குக்கரைக் கணினியில் பிப்ரவரி டேப்பை ஓட்டினான். மே 2தான் வந்தது. ஒரே கழிப்பை மூன்று தடவை செய்ததில் ஆறு மணி நேரம் ஆனது; கலிஃபோர்னியா இதையே நாலில் முடித்திருந்தது. தோற்றுப்போன கணினிதான் வேகம். கொடுக்கிற காசுக்கு அதுதான் பெறும்.

மத்தியானம் ஹெக்லண்டின் மேசையில் தாள்களை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் முதல் குறிப்பைப் படித்துத் தலையாட்டினார். மூன்றாவதில் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் டேப்பை மாத்திப் போட்டுட்டேன்னு எழுதிடறேன், ப்ரொஃபஸர்" என்றான் டேல். "நான் சொதப்பிட்டேன்னா ஊரே நம்பும்."

"நம்பும்தான். ஆனா எம் பேருல்ல போட்டிருக்கு." கொஞ்ச நேரம் தாளைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான்டா கண்டுபிடிச்சேன், டேல். ஒவ்வொரு தடவையும் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு."

டேல் எவ்வளவோ மன்றாடினான்; ஹெக்லண்ட் கேட்கவில்லை. எவனோ ஒழுங்காகச் செய்த பொருளுக்குத் தன் மறதியால் மதிப்பெண் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஸ்டானெக்குக்கு ஒரு பக்கக் கடிதத்தைத் தானே தட்டச்சு செய்தார். தவறு என்னுடையது, காரணம் என் ஞாபகசக்தி, அந்தக் கணினியைத் தண்டிக்க வேண்டாம்.

மறுநாள் காலை நாற்பது பக்க அறிக்கையையும் அந்தக் கடிதத்தையும் டேல் ஸ்டானெக்கிடம் கொடுத்தான். அறிக்கையை அவர் திறக்கவே இல்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"பாவம்ப்பா" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். கிழக்குக்கரைக் கம்பெனி பத்துக்கு ஒன்று இலவசம் என்றதாம். போன வியாழக்கிழமையே ஆர்டரில் கையெழுத்தாகிவிட்டதாம்.

"அப்ப அந்த லெட்டரைக் குடுத்துடுங்க, ராஜர். அதுக்கு வேலையே இல்லையே."

"படிச்சதைப் படிக்காத மாதிரி எப்படிப்பா இருக்குறது? நாளைக்கு வகுப்புல ஏதாவது ஒண்ணு ஆனா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் டேலைக் கொன்றது. இந்தப் பருவம் முடியட்டும், அடுத்ததிலிருந்து வேறு ஆள் பார்க்கலாம், தானே அவரிடம் பக்குவமாகச் சொல்வதாகச் சொல்லிக் கடிதத்தைக் கோப்பில் வைத்தார் ஸ்டானெக்.

படியிறங்கி வந்தபோது வகுப்பு வாசலில் ஹெக்லண்ட் காத்திருந்தார்.

"யார்டா ஜெயிச்சா?"

"கலிஃபோர்னியா."

அவர் முகம் தெளிந்தது. "எழுதினது வீண் போகலை" என்று சொல்லி, டேலின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

மூன்று வாரத்தில் பெட்டிகள் வந்து இறங்கும், பக்கவாட்டில் கிழக்குக்கரைக் கம்பெனியின் பெயர் முழ நீளத்துக்கு அச்சடித்து. அதற்குள் அவர் இதை மறந்துவிட வேண்டும் என்று டேல் வேண்டிக்கொண்டான்.